ஒருகட்டையின் ஸ

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் சேர்ந்து வீடு கட்டிக்கொண்ட ஒரு நகரில், மூன்றாம் தெருவின் கடைசி வீட்டில் ஒரு ஹார்மோனியம் இருந்தது. அதற்குள் முப்பத்தேழு கட்டைகள் குடியிருந்தன. கீழ்வீடு, நடுவீடு, மேல்வீடு என்று மூன்று வீடுகள். வீட்டுக்குப் பன்னிரண்டு பேர். கடைக்கோடியில் ஒண்டுக்குடித்தனமாக ஒருவர்.

எல்லா வீட்டிலும் ஒரே பெயர்கள்தான். ஒருகட்டை, ஒண்ணரை, ரெண்டு, ரெண்டரை, மூணு, நாலு, நாலரை, அஞ்சு, அஞ்சரை, ஆறு, ஆறரை, ஏழு. முழுக்கட்டைகள் வெள்ளை, அரைக்கட்டைகள் கறுப்பு. மூணுக்கும் ஏழுக்கும் அடுத்து அரை கிடையாது. ஏன் என்று கேட்டால் இரண்டுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நடுவீட்டு ஒருகட்டையின் நெற்றியில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன்மேல் நீல பால்பாயின்ட் பேனாவால் ‘ஸ’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் திருஞானம், ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வாத்தியார் வைத்துக்கொள்ள வசதி இல்லாமல், ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே வாசிக்கப் பழகிய நாளில் எழுதியது. ஒருகட்டைக்கு ஸ, ஒண்ணரைக்கு ரி என்று தொடங்கி க, ம, ப, த, நி வரை ஏழு பேர் நெற்றியில் ஏழு எழுத்து. எட்டாவதாக மேல்வீட்டு ஒருகட்டைக்கும் ஒரு ‘ஸ’, ஆனால் அதன் தலையில் ஒரு புள்ளி. புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி என்று அர்த்தம்.

எழுத்து கிடைக்காதவர்களும் நடுவீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் நாலரைதான் ரொம்பப் பாவம். ‘ம’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரல் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். என்றைக்காவது கல்யாணி பாடினால் அன்றைக்கு மட்டும் அதைக் கூப்பிடுவார்கள்.

ஒருகட்டைக்கு அந்த வருத்தமெல்லாம் தெரியாது. திருஞானம் வேலையில் இருந்த நாட்களில், சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வே காலனிக் கூடத்தில் ஜமக்காளம் விரிப்பார்கள். மிருதங்கக்காரர் ரவையைப் பிசைந்து இடந்தலையில் அப்புவார். யாரோ சுண்டல் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். செருப்புச் சத்தம், இருமல், போன மாதப் பதவி உயர்வுப் பேச்சு. திருஞானம் நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருக்கும் விரலை ஒருகட்டைமேல் வைத்து அழுத்துவார். அவ்வளவுதான், கூடம் அடங்கிவிடும். இருபது தொண்டைகள் அந்த ஒரு சத்தத்தைத் தேடி வந்து உட்காரும். முப்பது வருஷம் இப்படி நடந்தது.

“என்கிட்டேர்ந்துதான் புறப்படுறாங்க, சுத்திட்டு என்கிட்டயேதான் வந்து இறங்குறாங்க. நான் ஜங்ஷன்” என்று ஒருகட்டை சொல்லிக்கொள்ளும்.

பின்னால் இருந்த துருத்திக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. காற்று கொடுப்பது அது. “ரயில் வர்ற வரைக்கும்தான்ப்பா ஜங்ஷன். வரலன்னா வெறும் சிமெண்டு பெஞ்சு” என்று பெருமூச்சு விடும்.

திருஞானம் ஓய்வுபெற்று இந்த நகருக்கு வந்த மறுவருஷம் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு. பெட்டியை மூடி, மேலே பழைய ஜன்னல் திரையைப் போர்த்தி, அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டு வருஷம் ஒருகட்டை உள்ளேயே கிடந்து சனிக்கிழமைகளை நினைத்துக்கொண்டிருந்தது. ஊறிய கொண்டைக்கடலை வாசனை வந்தால் போதும், யாரோ ஜமக்காளம் விரிக்கப்போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்காரும்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு முற்பகலில் திரை விலகியது. ஆனால் வந்தது அந்த விரல் இல்லை. மஞ்சள் ஏறிய வேறு விரல். திருஞானத்தின் மனைவி வேதவல்லி, ஐம்பத்தெட்டு வயதில் பாடக் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவருடைய பழைய நோட்டு.

‘ஸ ரி க ம | ப த | நி ஸ் ||’

முதல் ஸரளி வரிசை. எட்டே எழுத்து. நடுவில் ஒற்றைக் கோடுகள், முடிவில் இரட்டைக் கோடு. எட்டாவது எழுத்தின் தலையில் புள்ளி.

வேதவல்லி நெற்றி எழுத்தைப் பார்த்து ஒருகட்டையை அழுத்தி, “ஸ” என்றாள். கணவர் பாடிய இடத்திலேயே பாடப் பார்த்தாள். சத்தம் தொண்டைக்குள் போய் முனகியது. சரி என்று மேலே தூக்கி எடுத்தாள். ‘ம’வுக்கு அப்புறம் கோடு வந்ததும் நின்றுவிட்டாள்.

நாற்காலியிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. “அங்க ஏன் நிக்கிற?”

“கோடு போட்டிருக்கே.”

“கோடு தாளம் எண்ணுறதுக்கு, வேதா. லெவல் கிராசிங் இல்ல. நிக்காம போ.”

போனாள். ‘ப’ தாண்டியதும் குரல் இழுபட்டது. புள்ளி வைத்த ‘ஸ’வில் கிழிந்துபோனது.

“பிரேக் பிடிக்கிற சத்தம் மாதிரியே இருக்கு” என்றார் திருஞானம். “முப்பத்தஞ்சு வருஷம் கேட்ட சத்தம்.”

“சிரிங்க. இந்த வீட்டுல குக்கர் விசிலைத் தவிர சத்தமே இல்ல. அதுக்குத்தான் உக்காந்தேன்.” அவள் நோட்டை மூடினாள். “மழைக்காலம் முடியறதுக்குள்ள இந்த ஒரு வரி எனக்கு வரணும். வரலன்னா பெட்டியை நம்ம நகர் சங்கத்துக்குக் கொடுத்துடலாம். பாடாத பெட்டிக்கு இங்க என்ன வேலை?”

“நானும் பாடாத ஆளுதான். என்னையும் சேர்த்துக் கொடுத்துடு.”

“உங்களை எவன் எடுத்துக்குவான்.”

பெட்டிக்குள் பேச்சு கிளம்பியது. “கொடுத்துட்டா சங்கத்துப் பீரோவுலதான் போடுவான்” என்றது அஞ்சரை. “கரப்பான்பூச்சி உள்ள பீரோ.”

ஒருகட்டை அசரவில்லை. “அந்தம்மாவுக்குக் குரல் கிடையாது. அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கார், சுருதி சேரலன்னு. சுருதின்னா நான். என்கிட்ட வர முடியாதவங்களுக்கு நான் என்ன செய்யறது?”

“சுருதி என்னிக்குப்பா உன் பேராச்சு?” என்றது துருத்தி.

பத்து நாள் போயிற்று. குரல் அதே இடத்தில் அதே மாதிரி கிழிந்தது. வேதவல்லிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை பெட்டியில்தான் கோளாறோ? ஹார்மோனியம் ரிப்பேர் செய்யும் கபூர் பாயைக் கூப்பிட்டனுப்பினாள். பாய்க்கும் அவள் வயதுதான் இருக்கும். சனிக்கிழமைப் பாட்டுக்காலத்திலிருந்து பழக்கம். பலகையைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசு தட்டி, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார்.

“பெட்டி நல்லாதான் இருக்கு அண்ணி. கீச்சுனு சத்தம் வருதுன்னீங்களே, அது எது?”

“அப்ப நான்தான்.”

“எங்க, பாடுங்க கேப்போம்.”

பாடினாள். ‘ப’ தாண்டும்போதே பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏன் அண்ணி இங்கேர்ந்து புறப்படுறீங்க?”

“இதுதானே பாய் ஸ? எழுதியிருக்கே.”

“எழுத்து ஸ. கட்டையோட பேரு ஒருகட்டை. கட்டை நகராது, வெச்ச இடத்துலயே கிடக்கும். ஸ நகரும். பாடுறவங்க குரல் எங்க நிம்மதியா உக்காருதோ அந்த இடத்துக்குப் பேருதான் ஸ. அதுலேர்ந்து எண்ணிக்கிட்டுப் போனா ரி, க, ம எல்லாம் பின்னாலயே வந்துடும். இது அண்ணனோட ஸ. அவர் தொண்டைக்கு அவர் வெச்சுக்கிட்டது.”

ஒருகட்டைக்கு யாரோ அடியிலிருந்து ஸ்பிரிங்கை உருவியது போல இருந்தது.

வேதவல்லி மெதுவாக நாற்காலிப் பக்கம் திரும்பினாள். “முப்பது வருஷமா எனக்குக் குரல் இல்லன்னு சொன்னீங்களே.”

“குரல் இல்லன்னு சொல்லல” என்றார் திருஞானம். “சுருதி சேரலன்னேன்.”

“எதுகூட?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவரும் புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர்தான். இந்தப் பக்கத்தை அவர் புத்தகத்தில் கிழித்திருந்தார்களோ என்னவோ.

“சரி, அண்ணியோட ஸ எங்கன்னு கண்டுபிடிப்போம்” என்று பாய் பேச்சை மாற்றினார். “பாட வேண்டாம். பாடணும்னு நினைச்சாலே தொண்டை இறுகிக்கும். அண்ணே, நீங்க ஒரு கதை சொல்லுங்க. அண்ணி, நீங்க பாட்டுக்கு ம் கொட்டுங்க.”

“என்ன கதை?”

“எதுவாச்சும். பணிமனைக் கதை.”

திருஞானம் கிசுகிசுப்பாக ஆரம்பித்தார். சங்கு ஊதுகிற ஆள் லீவு போட்ட நாளைப் பற்றிய கதை. மாற்றாளாக வந்தவர் கடிகாரத்தைத் தலைகீழாக மாட்டியிருந்ததைக் கவனிக்காமல் சங்கை ஊதிவிட, மூவாயிரம் பேர் சாப்பாட்டுத் தூக்கோடு காலையிலேயே வெளியே வந்துவிட்டார்கள். வேதவல்லிக்கு மனப்பாடமான கதை. கீரையை ஆய்ந்துகொண்டும் துணியை மடித்துக்கொண்டும் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

“ம்” என்றாள். அவர் தொடர்ந்தார். “ம்” என்றாள்.

பாயின் விரல் கட்டைகள்மேல் தேடிக்கொண்டே போனது. நடுவீட்டில் இல்லை. கீழ்வீட்டில் ஏழு, இல்லை. ஆறு, இல்லை. அஞ்சு, கிட்டத்தில். கீழ்வீட்டு நாலரையைத் தொட்டதும் கட்டையின் சத்தமும் அவள் “ம்”மும் ஒன்றுக்குள் ஒன்று போய், எது எது என்று தெரியாமல் நின்றன.

“இதுதான்” என்றார் பாய். “நாலரைக் கட்டை.”

திருஞானம் கதையை நிறுத்தியிருந்தார். “எப்பவும் ஒரே மாதிரிதான் ம் கொட்டுவா பாய். அவ கேக்கவே இல்லன்னுதான் நான் நினைச்சிருக்கேன்.”

“ஒரு இழை நகராம அதே இடத்துல கொட்டியிருக்காங்க அண்ணே. அப்படி ஒரு ஸ எனக்கே கிடையாது.”

பாய் நகத்தால் பிளாஸ்திரிகளைக் கிளப்பினார். ஒருகட்டையின் நெற்றித்துண்டு எளிதில் வரவில்லை. ஒருகட்டை அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

“விடுப்பா” என்றது பிளாஸ்திரி. “நான் துணி, நீ மரம். எத்தனை நாளைக்கு?”

“இது அவர் கையெழுத்து.”

“கையெழுத்து என்கிட்டதான் இருக்கு, நான் எங்கயும் போகல. நோட்டுக்குள்ளதான் ஒட்டப்போறாங்க.”

ஒரு மூலை கிழிந்து, பிளாஸ்திரி வந்துவிட்டது. பழைய பசை மட்டும் ஒருகட்டையின் ஓரத்தில் பழுப்பாகத் தங்கியது. பாய் புதுப் பிளாஸ்திரி வெட்டிக் கொடுக்க, இந்த முறை வேதவல்லியே எழுதினாள். கீழ்வீட்டு நாலரைக்கு ஸ, அஞ்சுக்கு ரி, ஆறரைக்கு க, ஏழுக்கு ம. அடுத்த எழுத்து நடுவீட்டில். விரல் ஒருகட்டையைத் தாண்டிப்போய் ஒண்ணரைக்கு ‘ப’ ஒட்டியது. ரெண்டுக்கு த, நாலுக்கு நி. நடுவீட்டு நாலரைக்குப் புள்ளி வைத்த ஸ.

“நேத்துவரைக்கும் நான் ரி” என்று ஒண்ணரை மெல்ல நெளிந்தது. “ஒரேயடியா ப. பரீட்சைகூட எழுதல.”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒருகட்டையைப் பார்த்தார்கள். ‘ம’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில், வெறும் நெற்றியோடு அது நின்றுகொண்டிருந்தது.

ஒருகட்டை நடுவீட்டு நாலரைப் பக்கம் திரும்பியது. “இத்தனை வருஷம் இப்படித்தான் நின்னியா?”

“ஆமாண்ணே.”

“எப்படி நின்னே?”

“மொதல்ல அழுதேன். அப்புறம் கேக்க ஆரம்பிச்சேன். நீங்க எல்லாரும் அவங்கவங்க முறை எப்ப வரும்னு பாத்துட்டிருந்தீங்க. எனக்கு முறையே இல்ல. அதனால பாட்டு முழுசும் எனக்குத்தான் கேட்டுச்சு.”

“எனக்கு வேண்டாம் அந்தப் பாட்டு” என்றது ஒருகட்டை.

மறுநாள் காலை வேதவல்லி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, துருத்தியை அசைத்ததும் ஒரு சத்தம் எழுந்தது. அவள் இன்னும் எந்தக் கட்டையையும் தொட்டிருக்கவில்லை. ஒருகட்டை தானாக அமுங்கி, பழைய பசையில் பக்கத்துக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு, கூவிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் மரமும் ஊறியிருந்தது. அவள் கீழ்வீட்டு நாலரையை அழுத்தி “ஸ” என்றாள். இரண்டு சத்தமும் சேர்ந்து, சாதத்தில் கல் கடிபட்டது போல இருந்தது.

“விடுப்பா, மேல வா” என்றது துருத்தி.

“வரமாட்டேன். நான்தான் அவரோட ஸ. எழுத்தைப் பிடுங்கலாம், என்னைப் பிடுங்க முடியாது. அவருக்காகத்தான் நிக்கிறேன்.”

“நான் காத்து கொடுக்கலன்னா?”

“அப்ப அந்தம்மாவும் பாட முடியாது.”



வேதவல்லி நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். அசையவில்லை. “பாத்தீங்களா, உங்க ஸ போகமாட்டேங்குது” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், “இது எனக்கு வேண்டாங்க. பாயை வரச்சொல்லி பழைய மாதிரியே ஒட்டிடலாம். சங்கத்துல யாராவது வாசிக்கட்டும்” என்றாள்.

திருஞானம் எழுந்தார். பெட்டிக்கு எதிரே வந்து தரையில் மெல்ல உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம் காத்து போடு.”

“எதுக்கு?”

“போடேன்.”

அவள் துருத்தியை அசைத்தாள். ஒருகட்டையின் சத்தம் எழும்பியது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவருக்கு எதிரே, அவருக்கு மட்டுமாக. கூடம், ஜமக்காளம், ரவை மாவு, இருபது தொண்டைகள், எல்லாம் அந்தச் சத்தத்தில் வந்து நின்றன. இதோ, அவர் இப்போது வந்து சேர்ந்துகொள்வார். ஒருகட்டை இன்னும் பலமாகக் கூவியது.

திருஞானம் கண்ணை மூடினார். முதுகு நிமிர்ந்தது. வாய் திறந்தது. கழுத்துத் தழும்பு ஏறி இறங்கியது. காற்று வந்தது. வெறும் காற்று. மறுபடியும் முயன்றார். அதே காற்று.

“அவர்கிட்ட துருத்தி இருக்குப்பா” என்றது துருத்தி, மிகவும் மெதுவாக. “உள்ள காத்தைச் சத்தமாக்குற ரீடுதான் போயிடுச்சு.”

ஒருகட்டை கேட்டது. தான் கூவக் கூவ அவர் வாய் திறப்பதையும், ஒன்றும் வராமல் மூடுவதையும் பார்த்தது. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். வர முடியாதவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இத்தனை நேரம் அவருக்காக நின்றதாக அது நினைத்தது. அவர் நெஞ்சின்மேல் அல்லவா நின்றிருக்கிறது.

வேதவல்லி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துருத்தியை நிறுத்தப் போனாள். அதற்குள், யாரும் தொடாமலே, பசை விட்டுக்கொடுக்கும் சின்ன ‘டப்’ சத்தத்தோடு, ஒருகட்டை மேலே எழுந்தது. சத்தம் நின்றது.

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். “ஈரம் காஞ்சிருக்கும்” என்றாள் அவள்.

“இருக்கும்” என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வலது உள்ளங்கையைத் தொடைமேல் தட்டினார். ஒரு தட்டு, மூன்று விரல், மறுபடி தட்டி வீச்சு, தட்டி வீச்சு. ஆதி தாளம். “ம்ஹும், என்னைப் பாக்காத. நோட்டைப் பாரு. எட்டு எண்ணுவேன், ஒம்பதுல நீ எடு.”

எட்டு எண்ணியானது. வேதவல்லி நாலரையில் விரலை வைத்து எடுத்தாள். குரல் தேடாமல் போய் உட்கார்ந்தது. ஸ. அவள் முகத்திலேயே ஒரு வியப்பு. ரி. க. ம. கோடு வந்தது, அவர் கை விழுந்தது, அவள் நிற்கவில்லை.

அடுத்த எழுத்துக்குப் போகும் வழியில் அவள் விரல் ஒருகட்டையின்மேல் ஒரு கணம் உரசியது. கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், அது உள்ளே அமுங்கிக் கூவியிருக்கலாம். ஒருகட்டை அசையாமல் நின்று, அவளைப் போகவிட்டது.